சுவரில் இருந்த பெயர்கள்



இன்று புனித மகதலா மரியாவின் விழா. விடியுமுன் கல்லறைக்கு வந்த அந்தப் பெண், கண்ணீர் மறைத்த கண்ணோடு, எதிரே நின்ற உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று எண்ணிக்கொள்கிறார். இந்த நற்செய்தியை வாசிக்கும்போதெல்லாம் இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்தில் நான் பார்த்த ஒரு தோட்டம் நினைவுக்கு வருகிறது.

மெவகிஸி என்ற மீனவ ஊருக்கு அருகில் இருக்கிறது அந்த ஹெலிகன் தோட்டம். ட்ரமெய்ன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தது. அந்தக் குளிர் நாட்டில் அன்னாசி விளைவித்தார்கள் என்றால் நம்புவீர்களா? செங்கல்லால் கட்டிய குழிக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, இருபுறமும் பள்ளம் வெட்டி, அதில் குதிரை லத்தியை நிரப்புவார்கள். அது மக்கும்போது எழும் சூடு சுவர் வழியே செடிக்குப் போகும். சூடு தணிந்தால் மறுபடியும் அள்ளிக் கொட்ட வேண்டும். ஒரு பழம் கனிய இப்படியே ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பழம் எஜமானரின் மேசைக்குப் போனது. லத்தி அள்ளிய கையை விருந்தினர் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

முதல் உலகப் போர் மூண்டது. தோட்டக்காரர்கள் போர்முனைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. களை எடுக்க ஆளின்றி, கொஞ்சம் கொஞ்சமாக முட்புதர் பாதையை மூடியது, கண்ணாடி வீடுகளை மூடியது, அந்த அன்னாசிக் குழியையும் மூடியது. 1990-இல் டிம் ஸ்மிட்டும் ஜான் நெல்சனும் இன்னும் சிலரும் புதரை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். 1992 முதல் தோட்டம் மக்களுக்குத் திறந்திருக்கிறது. குதிரை லத்தியின் சூட்டில் அன்னாசி மறுபடியும் காய்த்தது.

அங்கே பூத்துக் குலுங்கும் மரங்கள் நிறைய உண்டு. ஆனால் நான் நெடுநேரம் நின்ற இடம் வேறு. முலாம்பழத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அறை, வேலையாட்களுக்கான கழிப்பிடம். அதன் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் சில பெயர்கள், 1914 ஆகஸ்ட் என்ற தேதியோடு. போர் தொடங்கிய அதே மாதம். மாளிகையில் எழுத இடம் இல்லாதவர்கள், தங்களுக்கென்று இருந்த ஒரே சுவரில் எழுதிவைத்தார்கள். எழுத்து மங்கிப்போய்விட்டது. 2013-இல் இலண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அந்தக் கழிப்பிடத்தையே உயிருள்ள நினைவிடமாக ஏற்றுக்கொண்டது. அங்கே நின்றபோது எனக்குச் செபிக்கத் தோன்றியது. ஆலயத்தில் நிற்பதுபோலவே இருந்தது.

மரியா எப்போது ஆண்டவரை அடையாளம் கண்டார்? முகத்தைப் பார்த்தபோது அல்ல. முதலில் பேசியபோதும் அல்ல. "மரியா" என்று பெயர் சொல்லி அழைத்தபோதுதான். மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தது முற்றிலும் தவறு அல்ல என்று புனித பெரிய கிரகோரியார் தம் மறையுரையில் சொல்கிறார். நானும் அப்படியே நம்புகிறேன். உயிர்த்த ஆண்டவரைப் பார்த்ததும் ஓர் அரசராக மரியாவுக்குத் தோன்றவில்லை. மண்ணில் வேலை செய்கிற ஒருவராகத் தோன்றினார். அந்தத் தோற்றத்தில் நின்றபடிதான் ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நம் ஆலய முற்றத்தை நாம் வருமுன்பே கூட்டிவிட்டுப் போகிற அம்மாவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பீடத்தில் இருக்கும் இந்தப் பூவைத் தொடுத்தவர் யார்? பதினைந்து ஆண்டாக நம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? "ஏம்ப்பா" என்றுதானே? இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு உறுத்துகிறது. அவருடைய முழுப் பெயரை நான் கேட்டது போன மாதம்தான்.

இன்றைய திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் சற்று நேரம் மௌனமாக நிற்பேன். அந்தச் சுவரில் பெயர் எழுதிவிட்டுப் போன தோட்டக்காரர்களுக்காக நான் மன்றாடுவேன். உங்கள் வீட்டுக்காகவோ வயலுக்காகவோ உழைத்து, இன்று பெயர் சொல்ல ஆளில்லாமல் போன ஒருவரை நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் அவர் பெயரைச் சொல்லுங்கள். பெயர் நினைவுக்கு வரவில்லை என்றால், இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.