தானாக நடப்பவை

1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ரா-மேட்டிக் என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகப்படுத்தியது. கிளட்ச் பெடல் கிடையாது. ஓட்டுபவர் காலால் மிதித்துக் கையால் மாற்றிவந்த கியர் இனித் தானாக மாறும் என்றார்கள். இந்தத் ‘தானாக’ என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம்.

உள்ளே ஒரு பம்ப் ஆயிலை அழுத்துகிறது. எந்தக் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்பதை வால்வு பாடியின் நெளிந்த தடங்கள் தீர்மானிக்கின்றன. ஓட்டுபவரின் கால் செய்த வேலை ஒழிந்துவிடவில்லை, மூடிக்குள் போய்விட்டது.

அமெரிக்காவில் பழைய செவ்ரோலெட் வைத்திருப்பவர்கள் சிலர், 1969இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 350 போன்ற கியர்பாக்ஸை வீட்டு கேரேஜிலேயே பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். கழற்றிய பாகங்களை அதே வரிசையில் மேசைமேல் பரப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் கழுவி உலர்த்துகிறார்கள். பிசிறு உதிரும் துணியைத் தொடுவதில்லை. ஒரு நூல் போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். புதிய உராய்வுத் தட்டுகளை ஆயிலில் ஊறவைத்த பிறகே அடுக்குகிறார்கள். சிறு எஃகுக் குண்டுகள் உருண்டுவிடாதபடி வாசலின் தடவி நிறுத்துகிறார்கள். தட்டுகளின் இடைவெளி சரியா என்று ஃபீலர் கேஜ் செருகிப் பார்க்கிறார்கள்.

கழுவுதல், ஊறவைத்தல், அடுக்குதல், தடவுதல், பதம் பார்த்தல். எல்லாம் நம் அடுக்களையின் வினைச்சொற்கள். கேரேஜில் இவை தொழில்நுட்பம். அடுக்களையில் பெண்ணின் இயல்பு. இயல்பு என்று சொல்லிவிட்டால், கற்றுக்கொண்ட காலத்தையும் செலவிட்ட கவனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஆறு மணிக் காபி, எட்டு மணி டிபன் டப்பா, தீர்வதற்குள் வாங்கி வைக்கப்படும் மாமனாரின் மாத்திரை, எல்லாம் தானாக நடக்கின்றன.

பெண்ணை இயந்திரத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிட்டால் இயந்திரத்துக்கே கூடுதல் மரியாதை இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். கியர் வழுக்கினால் எந்தத் தட்டு தேய்ந்தது, எந்த சீல் கெட்டிப்பட்டது, ஆயில் கருகும் அளவுக்குச் சூடேறியது ஏன் என்று தேடுகிறோம். உழைத்த பொருள் தேயும் என்று ஒப்புக்கொள்கிறோம். பெண் ஒருநாள் சோர்ந்தால் ‘இவளுக்கு என்ன ஆச்சு’ என்கிறோம். அவள்மேல் எவ்வளவு சுமை ஏறியிருந்தது என்று தேடுவதில்லை.

இதற்கு நன்றி சொல்வது பரிகாரமாகாது. மகளிர் தின வாழ்த்து மூடியைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறதே தவிர, திறப்பதில்லை. வீட்டிலுள்ள மற்றவர்கள் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் வேலையைக் கற்க வேண்டும். மாவு எப்போது அரைக்க வேண்டும், சிலிண்டர் எப்போது தீரும் என்பதை ஒரு மாதமாவது தாமே மனத்தில் சுமந்து பார்க்க வேண்டும். ‘சொல்லு, செய்கிறேன்’ என்பது உதவிதான். ஆனால் எதை எப்போது செய்வது என்று ஓயாமல் நினைவில் வைத்திருப்பதும் வேலை; அதையும் பங்கிட்டாக வேண்டும்.