போத்தா, விதையா?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், தென்காசிப் பக்கத்து வீடுகளில் கொல்லையைக் கொத்திப் பூஞ்செடி வைப்பது வழக்கம். ஒரு தடவை வைத்துப் பல வருஷம் பூக்கும் செடிகளை இரண்டு விதமாக உண்டாக்கலாம். செம்பருத்தி, நந்தியாவட்டை முதலியவற்றைப் போத்து ஒடித்து நடுகிறோம். நாட்டுக் கனகாம்பரம், சங்குப்பூ, நித்தியகல்யாணி ஆகியவற்றை விதையிலிருந்து வளர்க்கிறோம்.

போத்து என்பது தாய்ச்செடியின் உடம்பில் ஒரு துண்டு. தாயின் நிறமே அதன் நிறம். தாய்க்கு வரும் நோய் அதற்கும் வரும். விதை அப்படியல்ல. தாயிடமிருந்து வந்தாலும் அது வேறோர் உயிர். சிவந்த நித்தியகல்யாணியின் விதையில் வெள்ளைப்பூச் செடி முளைப்பதும் உண்டு.

பரீட்சை முடிவு வந்து, பிள்ளை மேற்கொண்டு என்ன படிப்பது என்று வீடுதோறும் பேசப்படுவதும் இந்தப் பருவத்தில்தான். ஆகவே பெற்றோரை ஒன்று கேட்கிறோம்: பிள்ளை உங்களுக்குப் போத்தா, விதையா?

"பிள்ளையை அதன் இஷ்டத்துக்கு விட்டால் கெட்டுப் போகாதா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. இரவு பகலாகப் பீடி சுற்றி மகளைப் படிக்க வைக்கும் தாய், தன் பாடு வீணாகக் கூடாது என்று அஞ்சுவதை யார் குறை கூற முடியும்? நிச்சயமான உத்தியோகம் ஒன்றை அவள் விரும்புவது பேராசையன்று. வறுமையைக் கண்ட பயம்.

ஆனால் விதை போடுகிறவனும் சும்மா இருப்பதில்லை. மண்ணைப் பொடியாக்குகிறான், சங்குப்பூ விதையின் தோல் கடினமானதால் இரவு முழுவதும் ஊற வைக்கிறான், களை பிடுங்குகிறான், ஆடு மேயாமல் வேலி கட்டுகிறான். இவை அவன் கடமை. பூவின் நிறத்தை மட்டும் அவன் கட்டளையிட முடியாது. அவசரப்பட்டு நாள்தோறும் தோண்டிப் பார்த்தால் முளையே அழியும்.

பெற்றோரின் உரிமையும் இப்படிப்பட்டதே. உழைப்பு, உண்மை, ஒழுக்கம், ஜெபம் ஆகியவற்றைப் பிள்ளையிடம் கண்டிப்பாய்க் கேட்கலாம். கேட்காவிட்டால்தான் தவறு. கடன் எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லிப் புத்தி கூறலாம். ஆனால் தகப்பன் அடைய முடியாமற் போன உத்தியோகத்தை மகன் தலையில் கட்டுவதும், விருப்பமில்லாத மகளைக் கட்டாயத்தால் மணவறையில் நிறுத்துவதும் அந்த உரிமைக்குள் அடங்கா. மணமக்களின் சுய சம்மதம் இல்லாத திருமணம் செல்லாது என்பது திருச்சபையின் சட்டம். பெற்ற தாய் தகப்பனும் அந்தச் சம்மதத்தைப் பிள்ளைக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

நாம் நினைத்த நிறம் வராவிட்டால் நஷ்டம் என்றும் எண்ண வேண்டாம். நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று தள்ளி வைப்போர் உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து கிடைக்குமா என்று கனடா நாட்டு விஞ்ஞானிகள் அதன் இலையை ஆராய்ந்தார்கள். தேடியது கிடைக்கவில்லை, 1958-ல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து வெளிப்பட்டது. அதே செடியில் பின்னர் கிடைத்த வின்கிரிஸ்டின், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அந்தச் செடிக்குள் இப்படியொன்று இருக்கிறதென்று அதைத் தள்ளி வைத்தவர் எவரும் அறிந்திருக்கவில்லை.

கனகாம்பரத்தின் காய்ந்த நெற்று, மழைத்துளி பட்டதும் படீரென வெடித்து விதையைத் தூர எறிகிறது. தாய்ச்செடியின் நிழலிலேயே கிடந்தால் விதை நன்றாக வளராது. பிள்ளையும் ஒருநாள் நம்மை விட்டுத் தன் வழியே போகத்தான் வேண்டும். அதற்குள் அதன் வேர் உறுதிப்பட வேண்டும். நம்முடைய வேலை அதுவே.

ஆகையால் இவ்வாரம் படிப்பையோ சம்பந்தத்தையோ முடிவு செய்யப் போகும் பெற்றோர், முதலில் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, அதன் மனத்தில் உள்ளதை முழுவதும் சொல்லக் கேளுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை அதன் பிறகு சொல்லுங்கள்.