சீட்டு விழாத குழந்தை

மூச்சுக்குத் திணறும் சிசுவைக் காக்கவல்ல கருவி அருகிலேயே இருக்க, அதனைக் கொடுப்பதா வேண்டாமா என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பது அறமாகுமா? ஆகாது என்றே நெஞ்சு சொல்லும். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

இரத்தத்தை உடலுக்கு வெளியே கொணர்ந்து, சவ்வின் வழியே கரியமில வாயுவை நீக்கிப் பிராணவாயுவை ஏற்றி மீண்டும் செலுத்துவது செயற்கை நுரையீரல். 1975-இல் கலிபோர்னியாவில் மருத்துவர் ராபர்ட் பார்ட்லெட் இதனால் ஒரு பச்சிளங்குழந்தையைப் பிழைக்கவைத்தார். தாய் விட்டுச் சென்ற அக்குழந்தைக்குச் செவிலியர் இட்ட பெயர் எஸ்பெரான்சா; ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்பது பொருள். ஆயினும் இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தால் மூளையில் குருதி கசியக்கூடும். 34 வாரம் நிரம்பாத குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பெரும்பாலும் இக்கருவியைப் பூட்டுவதில்லை.

எனவே ஐயம் இருந்தது. பார்ட்லெட் குழுவினர் மிச்சிகனில் 12 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1985-இல் வெளியாயிற்று. வெல்லும் பக்கத்திற்கே வாய்ப்புக் கூடிக்கொண்டு போகும் சீட்டு முறை அது. முதற் குழந்தைக்குக் கருவி கிடைத்தது, பிழைத்தது. இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை, இறந்தது. பின்வந்த பத்தும் கருவி பெற்றன, பத்தும் பிழைத்தன. அந்த இரண்டாம் குழந்தையை என்னால் மறக்க இயலவில்லை.

ஆனால் மறுபுறமும் உண்டு. 1940-களில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிராணவாயுவை இரக்கத்தோடு அள்ளி வழங்கினர். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தனர். சீட்டு முறையில் பிரித்து ஆராய்ந்த பின்னரே, 1954-இல், காரணம் அப்பிராணவாயுவே என்பது உறுதியாயிற்று. சோதிக்கப்படாத இரக்கமும் கொல்லும் என்றறிந்தபின், சீட்டைப் பழிக்க எனக்கு நாவெழவில்லை.

நான் பழிப்பது வேறொன்றை. 1989-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் கருவி பெற்ற 9 குழந்தைகளும் பிழைத்தன. வழக்கமான சிகிச்சை பெற்ற பத்தில் 4 இறந்தன. அந்தப் பத்தின் பெற்றோரிடம் சீட்டுப் போட்ட செய்தியே கூறப்படவில்லை. இல்லையென்று மறுக்கப்போவதைக் காட்டி அவர்களை வருத்துவானேன் என்பது மருத்துவர் தரப்பு நியாயம். உத்தரமேரூரில் ஊராட்சிக்கு ஆள் தேர்ந்த குடவோலையைக்கூடச் சபையோர் காணவே எடுத்தனர். “எது நல்லதென எங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை, ஆதலால் சீட்டுப் போடுகிறோம்” என்று அப்பெற்றோரிடம் சொல்லியிருக்கலாம். சிலர் மறுத்திருப்பர், ஆய்வு நீண்டிருக்கும். நீளட்டுமே!