பட்டறையும் பட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ‘கூட்டுறவு’ என்னும் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. சங்கக்கடையில் பங்கீட்டு அரிசி வாங்கிய தலைமுறையினரும், மூளாயில் ஊரவர் முயற்சியால் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையில் பிறந்தவர்களும், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களால் தம் உழைப்புக்கு ஓரளவு பாதுகாப்புப் பெற்ற சீவல் தொழிலாளரும் அதன் பொருளை அநுபவத்தால் அறிந்தவர்கள். கொடுப்பவனே பெறுபவனும் ஆவான். பெறுபவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு என்பதே அப்பொருள். பொறியியல் மாணாக்கரைக் குறித்த காலம் தொழிற்களத்துக்கு அனுப்பிப் பயிற்றும் முறையும் மேலைநாடுகளில் ‘கூட்டுறவுக் கல்வி’ என்றே வழங்குகின்றது. அப்பெயர் அம்முறைக்குத் தகுமா என்னும் வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அம்முறையில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் அறவினா அதனுள்ளே அடங்கியிருக்கின்றது.

அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906 ஆம் ஆண்டு ஹேர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியற் பேராசிரியர் 27 மாணாக்கருடன் இம்முறையைத் தொடங்கினார். மாணாக்கர் இருவர் இருவராகப் பிணைக்கப்பட்டனர். ஒருவன் வகுப்பில் இருக்கும் வாரத்தில் மற்றவன் தொழிற்சாலையில் நின்றான். அடுத்த வாரம் இருவரும் இடம்மாறினர். தொழிற்சாலைக்கு ஆள் குறையவில்லை. மாணாக்கனுக்குக் கூலியும் கிடைத்தது. கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957 இல் தோன்றியபோது இம்முறையையே தன் பொறியியற் கல்விக்கு அடித்தளமாகக் கொண்டது. இன்று அந்நாட்டில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களில் ‘கோ-ஒப்’ என்பது வீட்டுப் பேச்சில் வழங்கும் சொல்லாகிவிட்டது.

இலங்கையில் வாரத்துக்கு வாரம் இடம்மாறும் ஏற்பாடு இல்லை. பட்டப்படிப்பின் இடையே சில மாதங்கள் தொழிற்பயிற்சிக்கென ஒதுக்கப்படுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியதோடு, இவ்வேற்பாடு வடபுலத்து வினாவாகவும் ஆயிற்று. பயிற்சி பெறும் மாணாக்கன் நாட்குறிப்பேடு ஒன்று எழுதவேண்டும். அன்றன்று செய்த வேலையை அதில் பதிந்து, பொறுப்பான பொறியியலாளரின் ஒப்பத்தைப் பெறவேண்டும். பல்கலைக்கழகம், நிறுவனம், மாணாக்கன் ஆகிய முத்தரப்பாரும் அவ்வேட்டில் சந்திக்கின்றனர்.

ஆயின், குடாநாட்டில் நிறுவனம் என்று சொல்லத்தக்கது எது? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி 1990 இல் போரின் காரணமாக நின்றுபோயிற்று. ஆனையிறவுக்கு அப்பால், எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அப்போரிலேயே அழிந்தது. ஒரு மாணாக்கன் சுழலும் சூளையையும் அரைக்கும் ஆலையையும் ஒரே வளவில் காணக்கூடிய இடம் குடாநாட்டில் இல்லாது போனது. ஆகவே பெரும் இயந்திரங்களைக் காண விரும்புவோர் கொழும்பையும் அதன் சூழலையும் நாடிச் செல்கின்றனர். அவ்வாறு செல்வதைக் குற்றமாகக் கருதுவது நேர்மையன்று. கற்கவேண்டியதைக் கற்கும் இடத்திற் கற்பதே மாணாக்கனின் முதற் கடமை. ஊர்ப்பற்றின் பெயரால் அரைகுறைப் பயிற்சி பெற்ற பொறியியலாளன் கட்டும் பாலம் ஊரவரின் தலையிலேதான் விழும்.

எனினும் எஞ்சியிருப்பவை கருதத்தக்கவை. வீதியோரக் கடைசற் பட்டறைகள், இரும்பு ஒட்டுவோர், நீரிறைக்கும் இயந்திரம் திருத்துவோர், கரையோரப் படகுத் தளங்கள் என்பன குடாநாட்டில் ஓயாது இயங்குகின்றன. நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனத்தின் பின் கண்ணாடியிழைப் படகு இங்கு அந்நியப் பொருளாக இருக்கவில்லை. அத்தகைய படகொன்று வார்க்கப்படும் இடத்தில் ஒரு மாணாக்கன் நிற்பதாகக் கொள்வோம். செயற்கைப் பிசினோடு அதனை இறுகச் செய்யும் திரவத்தை இவ்வளவு வீதத்திற் கலக்கவேண்டும் என்று அவன் படித்திருப்பான். அங்குள்ள தொழிலாளியோ சித்திரை வெயிலில் ஓர் அளவும் மார்கழிக் குளிரில் வேறோர் அளவும் கலப்பான். கலவையிருக்கும் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டு, அதன் சூட்டைக் கொண்டே இன்னும் எவ்வளவு நேரம் பூசலாம் என்று கணிப்பான். பிசின் இறுகும்போது வெப்பம் வெளிவிடும் என்பதும், சுற்றுவெப்பம் கூடினால் இறுக்கம் விரையும் என்பதும் மாணாக்கனுக்குத் தெரிந்த விதிகளே. ஆனால், அவை கைவிரலில் எவ்வாறு உறைக்கும் என்பதை அவன் அத்தொழிலாளியிடமே கற்கின்றான். நாட்குறிப்பேட்டில் ‘படகு வார்ப்பு அவதானிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதப்படும். கற்பித்தவனுக்கு அந்த வரியில் இடமில்லை.

இப்புறக்கணிப்பு தற்செயலானது என்று சொல்லிவிட முடியாது. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்று பிள்ளைகளுக்கு உபதேசித்த சமூகம் இது. இரும்பும் மரமும் தோலும் கையாண்டவர்களின் அறிவைச் சாதியின் பெயரால் தாழ்த்தி, அவ்வறிவின் பயனை மட்டும் வேண்டிய மட்டும் நுகர்ந்த சமூகமும் இதுவே. கையால் அறிந்தது தொழில் எனவும், ஏட்டால் அறிந்தது அறிவு எனவும் பிரித்த அப்பிரிவு இன்றைய பட்டதாரியின் மனத்திலும் மறைந்து நிற்கின்றது. ஆறு மாதம் ஒருவனிடம் கற்றுவிட்டு, ஏழாம் மாதம் அவனை ‘அந்தப் பொடியன்’ என்று குறிப்பிடும் இளம் பொறியியலாளனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதிருக்கலாம். கெட்ட எண்ணம் இன்றியே ஓர் அநீதி நிகழ்வதுதான் இதில் ஆராயத்தக்கது.

மறுப்பொன்று எழலாம். தொழிலாளிக்கு நிறுவனம் சம்பளம் தருகின்றது. மாணாக்கனோ பல இடங்களிற் சிறு தொகையே பெறுகின்றான். சில இடங்களில் பிரதி எடுப்பதற்கும் தேநீர் வாங்குவதற்கும் பயன்படுத்தப்படுகின்றான். சுரண்டப்படுபவனே கடனாளியும் ஆவது எங்ஙனம்? இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. வேலை வாங்கி ஊதியம் மறுப்பதைப் பயிற்சி என்னும் பெயர் நியாயப்படுத்தாது. ஆயினும் மாணாக்கனுக்கு இழைக்கப்படும் அநீதியை இழைப்பவர் வேறு. அவனுக்குக் கற்பித்தவர் வேறு. முன்னவரிடம் வரவேண்டிய கடனைக் காட்டிப் பின்னவருக்குரிய கடனைக் கழித்துவிட முடியாது. தொழிலாளியின் சம்பளமும் அவன் செய்யும் வேலைக்கு உரியதேயன்றிக் கற்பித்தலுக்கு உரியதன்று. வேலையைச் சற்று நிறுத்தி, கருவியை மாணாக்கனின் கையிற் கொடுத்து, அவன் கெடுத்த பொருளைத் தானே மீண்டும் சீர்செய்யும் நேரம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை.

முத்தரப்பாரின் ஏட்டில் இடம்பெறாத வேறொருவரும் உளர். அவர் தொழிற்களத்தின் மதிலுக்கு வெளியே குடியிருப்பவர். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளினூடே நீர் ஓடுகின்றது. ஆறில்லாத இந்நிலத்தில் கிணறே குடிநீரும் பயிருக்குரிய நீரும் தருவது. ஓரிடத்திற் சிந்தியது அவ்விடத்திலேயே நில்லாது. சுன்னாகத்தில் மின்னிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த முறைப்பாடு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டும் என்று அந்நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. மின்பிறப்பாக்கியின் திறன், எரிபொருட் செலவு, பேணுகை முறை என்பன எத்தகைய மின்னிலையத்திலும் மாணாக்கன் கற்கும் பாடங்கள். கழிவெண்ணெய் எங்கே செல்கின்றது என்று கேட்பதும் அவ்வாறே ஒரு பாடமாகுமா? கேட்டால் அவனுடைய ஏட்டில் ஒப்பமிடவேண்டியவர் முகஞ்சுளிப்பாரோ என்னும் அச்சம் இயல்பானது. பயிற்சியாளனின் நிலை அதனால்தான் இக்கட்டானது. தொழிற்களத்தில் அவன் தொழிலை மட்டும் கற்பதில்லை. எதைக் கண்டும் காணாதிருக்கவேண்டும் என்பதையும் கற்கின்றான். முதலிற் கற்ற பாடம் நெடுநாள் நிலைக்கும்.

இதற்கு மாணாக்கன் ஒருவனையே பொறுப்பாக்குவது தகாது. ஒப்பத்துக்குக் காத்து நிற்பவனிடம் தனித்து வீரம் காட்டும்படி கோருவது, பல்கலைக்கழகம் தன் கடமையை அவன் தோளில் இறக்கிவைப்பதாகும். பயிற்சிக்கு இடம் தேடும் விரிவுரையாளர் நிறுவனத்தின் பாதுகாப்பையும் வசதியையும் விசாரிக்கின்றார். கழிவைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் அவரே விசாரித்தால், மாணாக்கனின் கேள்வி துணிச்சலாகத் தோன்றாது, பாடத்தின் பகுதியாகிவிடும்.

கலைப்பீடத்தாருக்கு இவ்விடயத்திற் சொல்ல ஒன்று உண்டு. அவர்களும் களத்துக்குச் செல்பவர்களே. நாட்டார் பாடலைத் தேடி ஊர்களுக்குச் சென்று, முதியவள் ஒருத்தி பாடியதை ஒலிப்பதிவு செய்து திரும்புகின்றனர். முற்காலத்தில் தொகுத்தவரின் பெயரே நூலின் முகப்பில் நின்றது. பாடியவளின் பெயர் எங்கும் இல்லை. பின்னர், பாடியவர் பெயர், ஊர், தொழில் என்பவற்றைப் பாட்டின் அடியிற் குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவ்வழக்கத்தால் பாடியவளின் வறுமை நீங்கிவிடவில்லை. ஆனால், அப்பாட்டு ‘மக்களிடம் கிடைத்தது’ என்னும் நிலை மாறி, ஒருத்தி தந்தது என்றாயிற்று.

பொறியியல் மாணாக்கனின் நாட்குறிப்பேட்டிலும் அத்தகைய நிரல் ஒன்று சேர்க்கப்படலாம்: திகதி, செய்த வேலை, மேற்பார்வையாளர் ஒப்பம் என்பவற்றின் அருகே, ‘இதனைக் கற்பித்தவர்’ என்று ஒன்று. அதில் எழுதுவதற்கு மாணாக்கன் அப்படகுத் தொழிலாளியிடம் சென்று, ‘அண்ணை, உங்கட முழுப்பெயர் என்ன?’ என்று கேட்கவேண்டியிருக்கும். பல மாதங்கள் அருகருகே நின்று வேலை செய்தபின்பே அவன் அதனை முதன்முறையாகக் கேட்பவனாகவும் இருக்கக்கூடும்.