முதலில் வாய்க்காலை வெட்டு!

உன்னை யாராவது ‘செல்போன் அடிமை’ என்று சொன்னால் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ளாதே. அப்பா சொன்னாலும் வாங்காதே, ஆசிரியர் சொன்னாலும் வாங்காதே. அடிமை என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால் எதிர்த்து நிற்கும் வேலையே உனக்கு இல்லாமல் போய்விடும். ‘நான்தான் அடிமையாயிற்றே’ என்று சொல்லிக்கொண்டு இன்னும் பத்து ரீல் பார்க்கலாம். சோம்பலுக்கு இதைவிட வசதியான சாக்கு கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறும் ஒரு நோயாக இருக்கிறது. ஆனால் அதற்கான அளவுகோல் கடுமையானது. ஆட்டத்தின் மேல் இருந்த கட்டுப்பாடு போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ள வேண்டும். கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் நிறுத்த முடியாமல், படிப்பும் வீடும் பாழாகி, பொதுவாக ஓராண்டாவது அது நீடிக்க வேண்டும். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு வேண்டியது சிகிச்சை, வசவு அல்ல. நம் கடலூர்க் கரையில் கிள்ளையிலும் முடசல்ஓடையிலும் பரங்கிப்பேட்டையிலும் தலையைக் குனிந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே போகவில்லை. நீ நோயாளி இல்லை. உன் நேரம் களவு போகிறது, அவ்வளவுதான். களவு போனதை மீட்கலாம்.

அந்தப் போனை உன் கையில் திணித்தது பெரியவர்கள் நாங்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டினோம். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் வாத்தியாரும் போனுக்குள் இருந்தார், தோழனும் போனுக்குள் இருந்தான். வலை வாங்க வைத்திருந்த பணத்தில் போன் வாங்கிய வீடுகள் உண்டு. பள்ளி திறந்த மறுநாளே ‘போனைக் கீழே வை’ என்று கத்த எங்களுக்கு என்ன உரிமை இருந்தது?

சரி, எங்கள் கணக்கு அப்படி. உன் கணக்குக்கு வருவோம்.

தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறதே ஒரு திரை, அதை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின். பிற்பாடு அதற்காக வருந்தி ஊரறியப் பேசியவரும் அவரே. பக்கம் முடிந்தால் கை நிற்கும், கை நின்றால் மூளை ‘போதுமா?’ என்று கேட்கும். அந்தக் கேள்வி எழவே கூடாது என்பதற்காகத்தான் முடிவை எடுத்துவிட்டார்கள். அடுத்து வருவது நல்லதா, குப்பையா என்று உனக்குத் தெரியாது. தெரியாததால்தான் விரல் தள்ளுகிறது. பொறியாளர்கள் கூட்டம் கூடிச் செய்த இந்தப் பொறியில் பதினான்கு வயதுப் பிள்ளை சிக்கினால், அதை ஒழுக்கக் கேடு என்று சொல்ல நான் தயாராக இல்லை.

கெடுதல்களையும் தரம் பிரித்துப் பார். ‘போன் பார்த்தால் மனச்சோர்வு வரும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு, யாருக்கு, எதனால் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் அது. தூக்கம் என்று வந்தால் அந்தச் சண்டை குறைவு. உன் வயதுக்கு இரவில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது அப்போதுதான். பன்னிரண்டு மணிக்குக் கண் மூடி, ஆறரைக்கு எழுந்து, சிதம்பரம் பேருந்தில் நின்றுகொண்டே தூங்கிப் போகிறவன் முதல் பாடவேளையில் கணக்கைத் தவறவிட்டால், ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறான். ஏறும், தம்பி! உன் மூளையில் கோளாறு இல்லை. அது தூங்கவில்லை.

இந்த இராத்திரித் தொல்லை உனக்கு மட்டுமில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு 2025 பிப்ரவரியில் தமிழக அரசு விதி கொண்டுவந்தது: பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு இடமில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை யாருமே நுழையக் கூடாது. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. வளர்ந்த மனிதர்களுக்கே இராத்திரியில் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. உன் ரீலுக்கு அப்படிக் கதவு சாத்த அரசு வரட்டும் என்று காத்திருக்காதே. தாழ்ப்பாள் உன் கையில்தான்.

அடுத்தது கண். சீனத்தின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளின் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம், வெளியே விட்ட பள்ளிகளில் 30.4. 2015-இல் வெளியான ஆய்வு இது. மருந்து இல்லை, கருவி இல்லை, பகல் வெளிச்சம் மட்டும்தான். நகரத்துப் பிள்ளைக்கு அந்த வெளிச்சத்துக்கே இடம் தேட வேண்டும். உனக்கு வாசலைத் தாண்டினால் உப்பங்கழி, அதற்கப்பால் கடல், தலைக்கு மேல் முழு வானம். டிக்கெட் எடுத்து, படகேறி, சென்னைக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போவதை நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்து விட்டுக்கொடுக்கிறாய்.

கண்ணுக்கு அடுத்தது கவனம். அது என்ன என்று படிக்க நீ புத்தகம் தேட வேண்டாம். பிச்சாவரத்து இருளர்கள் கழித் தண்ணீரில் இறங்கி, கலங்கிய சேற்றுக்குள் கையால் தடவியே இறால் பிடிப்பதைப் பார். கண்ணுக்கு எதுவும் தெரியாது. மனம் மொத்தமும் விரல் நுனியில் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு நோட்டிஃபிகேஷன் ஒத்துவராது. (அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சேற்றிலேயே நிற்கட்டும் என்று சொல்லவில்லை, அந்தக் கவனத்தோடு அவர்கள் வகுப்பறையில் உட்கார்ந்தால் யாரால் தடுக்க முடியும் என்றுதான் கேட்கிறேன்.)

இப்போது நீ கேட்பாய்: ‘விட வேண்டும் என்று தெரிகிறது, விட முடியவில்லையே?’

அதற்கு நம் பிச்சாவரம் காட்டின் கதையைக் கேள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் நிற்கும் இந்த அலையாத்திக் காடு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஆனால் ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்ட காடு இது. மரம் போன இடத்தில் வெயில் இறங்கி, மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஓதத்தில் ஏறி வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது, உப்பேறியது. அந்த இடத்தில் மரம் தலையெடுக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்தது என்ன தெரியுமா? அந்த நிலத்தைப் பார்த்து ‘மனசு வை, வளர்ந்துவிடு’ என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. நடுவே பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு தணிந்தது, நட்ட கண்டல் பிழைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று கடலூர்க் கரையில் ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உனக்கும் மனவுறுதி பிறகு வரட்டும், முதலில் வாய்க்காலை வெட்டு. படுக்கும் இடத்தில் போன் இருக்கக் கூடாது. ஒரே அறை வீடா? அடுப்படி அலமாரியில் சார்ஜ் போடு. அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறதா? ஆறு மணிக்கு ஒருமுறை திற, நோட்டில் எழுது, மூடு. கத்திக் கூப்பிடும் செயலிகளின் வாயை அடை. தங்கச்சி, பூச்சு போட்ட முகங்களை நாள் முழுக்கக் காட்டி உன் முகத்தை உனக்கே பிடிக்காமல் செய்யும் பக்கங்களைப் பின்தொடர்வதை இன்றைக்கே நிறுத்து. கைக்குழந்தைத் தம்பி அழுதால் போனைக் காட்டி அடக்காதே. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீ பேசி, அது மழலையில் பதில் சொல்லி, நீ மறுபடி பேசினால்தான் அதற்குப் பேச்சு வரும். திரை பதில் கேட்காது.

போனே விஷம் என்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போகும் அப்பாவுக்குப் புயல் செய்தி அதில்தான் வருகிறது. ஆனால் 2024-இன் ‘அசர்’ கல்விக் கணக்கெடுப்பைப் பார். நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுக்குள், போன் இயக்கத் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76. கருவி ஒன்றுதான். எதற்கு என்று முடிவு செய்ய வேண்டியவன் நீ.

தனியாகச் செய்யக் கஷ்டமா? மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022-இல் அங்கே மாலை ஏழு மணிக்குச் சைரன் ஊதத் தொடங்கியது. ஒன்றரை மணி நேரம் வீட்டில் போனும் டிவியும் அணைந்திருந்தன, பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான். கரும்பு வெட்டும் ஊரால் முடிந்தது கடலோடி ஊரால் முடியாதா? எந்த நாளில் வலை இறக்கக் கூடாது என்று முடிவு செய்து, அதை எல்லோரையும் மதிக்க வைக்கும் ஊர்ப் பஞ்சாயத்து நம் மீனவர் குடியிருப்புகளில் இன்றும் இருக்கிறதே!

இன்றிரவு உன் போன் அடுப்படியில் தூங்கட்டும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் பேச்செடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நீயே எழுந்து, ஏழிலிருந்து எட்டரை வரை எல்லா வீட்டுப் போனையும் அணைக்கச் சொல்லிக் கேள். உன் அப்பாவின் போனையும் சேர்த்துக் கேள்.