நம்ம ஆளா, நாணயமான ஆளா?

மண்ணடியில் எனக்கு ஃபேன்சி சாமான் மொத்த வியாபாரம். ஹேர் கிளிப் எல்லாம் சீனாவின் யிவூ சந்தையிலிருந்து வருகிறது. அங்கே விலை பேசி, சரக்கு பார்த்து, கண்டெய்னரில் ஏற்றிவிட ஓர் ஏஜென்ட் வேண்டும். கமிஷன் பெரும்பாலும் நூற்றுக்கு 3 முதல் 5 வரை.

ஒருவர் கமிஷனே வேண்டாம் என்றார். ஐவேளை தொழுகிறவர், நம்ம ஆள் என்று மச்சானின் சிபாரிசு வேறு. எனக்கு அங்கேதான் இடித்தது. கூலி வாங்காதவர் எதைச் சாப்பிடுவார்? ஃபேக்டரி விலைக்குள் அவர் பங்கு ஒளிந்திருக்கும். ஷரீஅத்தில் முகவர் அமானிதம் சுமப்பவர். அவர் அலட்சியமில்லாமல் சரக்கு கெட்டால் ஈடுகட்ட வேண்டியதில்லை. இத்தனை பெரிய சலுகை, ஒளிக்கிறவருக்கு எப்படிப் பொருந்தும்?

"தொழுகிறவரிடமே எழுதி வாங்குவீங்களா?" என்று, நான் எழுத்தில் கேட்டதும் மச்சானுக்குக் கோபம். குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. அது பேசுவதே ஈமான் கொண்டவர்களிடம்தான்.

கடைசியில் நான் அமர்த்தியது, மதமே இல்லை என்கிற ஒரு சீனப் பெண்ணை. ஃபேக்டரி பில்லை அப்படியே அனுப்பி, தன் 5 சதவீதத்தைத் தனியாகப் போடுவார். முன்பணம் 30 சதவீதம். அட்டைப்பெட்டியைப் பிரித்து, கிளிப்பின் ஸ்பிரிங்கை அழுத்திக் காட்டும் வீடியோ வந்த பிறகே மீதி.

இறைவனை ஏற்காதவரிடம் அமானிதமா என்று மச்சான் விடுவதாயில்லை. 622இல் ஹிஜ்ரத் பயணத்துக்கு நபியவர்களும் அபூபக்கரும் கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். ஒட்டகங்களையும் அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள்.