ஓய்வின் பாரம் எவர் தோளில்?

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது: இம்முறை எங்கே போவது? பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தகப்பனார் வான் கூலியைக் கணக்கிடுகிறார். அம்மாயி மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தியை நினைவூட்டுகிறார். தாயாரோ, "எங்க போனாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். இதைப் பணத்தையும் விருப்பத்தையும் பற்றிய பேச்சு என்று மட்டும் எண்ணிவிடுகிறோம். ஆனால் இதற்குள் ஓர் அறநெறிக் கேள்வியும் இருக்கிறது. அதனைச் சற்றே சிந்திப்போம்.

உல்லாசப் பயணமே வீண்செலவு, அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு தகரமாவது வாங்கலாம் என்பார் உளர். அவர்களுக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்குவினாஸ் மறுமொழி தந்திருக்கிறார். அவர் எடுத்துக்காட்டும் ஒரு பழங்கதை இது. திருத்தூதர் அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனைப் பார்த்து, அம்பு எய்யும்படி அருளப்பர் சொன்னார். அவன் பலமுறை எய்தான். "இப்படியே ஓயாமல் எய்ய முடியுமா?" என்று கேட்டார். "வில் முறிந்து போகும்" என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். ஆகவே, ஓய்வு சோம்பலும் அன்று, பாவமும் அன்று. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனமும் தன் 24ஆம் உறுப்புரையில், ஓய்வையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் ஒவ்வொருவரின் உரிமை என்று வைத்திருக்கிறது.

ஆனால் மலையகத்தில் நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு இந்த உரிமை எளிதாகக் கைக்கு வருவதில்லை. பேர் விழாத நாளுக்குக் கூலியில்லை. அந்த நாட்கூலி 1000 ரூபாவை எட்டியதே 2021ஆம் ஆண்டில்தான். இரண்டு நாள் பயணமென்றால் பயணச் செலவோடு, இழந்த கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இத்தனை அரிதாகக் கிடைக்கும் ஓய்வு சரியானவரைச் சென்றடைகிறதா? நம் ஓய்வின் பாரத்தைச் சுமப்பவர் யார்? இடத்தைத் தெரிவு செய்யுமுன் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் வீட்டுக்குள்ளே பார்ப்போம். ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு குடும்பம் பயணம் புறப்படுவதாகக் கொள்வோம். தாயார் விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து சோறு கட்டுகிறார். போன இடத்தில் வாடகை அறையின் பின்புறம் தேங்காய் துருவுகிறார். எல்லோரும் கடலில் குளிக்க, துணிமணிகளுக்குக் காவலிருக்கிறார். திரும்பி வந்ததும் அழுக்குத் துணி மூட்டை அவர் தலையில் விழுகிறது. மறுநாள் கொழுந்துக் கூடையையும் அவர்தான் மாட்டிக்கொள்கிறார். குடும்பம் ஓய்வெடுத்தது என்று இதைச் சொல்ல இயலுமா? மற்றவர்கள் ஓய்வெடுக்க, ஒருவர் இரட்டை வேலை செய்தார் என்பதே உண்மை. "சமைத்துச் சாப்பிட்டால்தானே கட்டுப்படியாகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் மூன்று நாளை ஒரு நாளாகக் குறைத்து, அந்த ஒரு நாள் கடைச் சோறு சாப்பிடலாம். அல்லது தகப்பனாரும் வளர்ந்த பிள்ளைகளும் சமையலை ஏற்றுக்கொள்ளலாம். தாயார் ஒரு நாள் முழுவதும் கரண்டி பிடிக்காத இடம், எவ்வளவு சிறிய இடமாயினும், அக்குடும்பத்துக்கு நல்ல இடம்.

கடன் வாங்கிப் போகும் பயணமும் அப்படிப்பட்டதே. அடகுக்குப் போன காதணியை மீட்க ஆறு மாதம் மிகைநேரம் உழைப்பவர் யார் என்று பாருங்கள். கைத்தொலைபேசியில் அயலாரின் படங்களைக் கண்டு, அவர்கள் போன இடத்துக்கே நாமும் போகவேண்டும் என்று புறப்படுவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது.

இனி, போகிற இடத்திலுள்ள மக்களைக் குறித்து. ஊவா மக்களாகிய நமக்கு இதனைப் பிறர் சொல்லித் தரத் தேவையில்லை. நாம் வாழும் இடமே பிறருக்கு விடுமுறைத்தலம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டிமுடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகமே வருகிறது. தம்பத்தனைக்கு மேலே லிப்டன் ஆசனத்துக்கு ஏறுவோர், வழியில் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேளாமலே படம் பிடிக்கிறார்கள். கொஸ்லந்தைக்கு அருகே 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டு வியக்கிறார்கள். அதே கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. வந்து போகிறவருக்கு அழகாகத் தெரியும் மலை, அதன் அடியில் படுத்துறங்குவோருக்கு மழை நாளில் அச்சம் தருகிறது.

இதை அறிந்த நாம் பிறர் ஊருக்குப் போகையில் எப்படி நடக்கிறோம்? பாசிக்குடாவின் ஆழமற்ற கடல் பிள்ளைகளுக்கு ஏற்றது, மகிழ்ச்சியாய்ப் போகலாம். ஆனால் அந்தக் கிழக்குக் கரை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வாரிச் சென்ற கரை. அங்கே வலை இழுப்பவர் தம் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவராக இருக்கலாம். அவர் முன்னே குடித்துக் கூத்தாடலாகாது. கரையில் குப்பையை விட்டுவரலாகாது. பெரிய விடுதியில் வாய் திறவாமல் பணம் கொடுத்துவிட்டு, வழியோரம் சோளப்பொத்தி விற்கும் மூதாட்டியிடம் இருபது ரூபாவுக்குப் பேரம் பேசலாகாது.

"இப்படிப் பார்த்தால் எங்குமே போக முடியாதே" எனச் சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று. நம் வருகையால் அவ்வூரார் பிழைக்கிறார்கள். போகாமலிருப்பது அவர்களுக்கு உதவியாகாது. விருந்தாளியாகப் போவதற்கும் துரைமாரைப் போலப் போவதற்கும் உள்ள வேற்றுமையைத்தான் சொல்கிறோம்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஏப்ரலில் நுவரெலியா கூட்டத்தாலும் வாடகையாலும் திணறும். பணம் போகும், ஓய்வு கிடைக்காது. கடல் பார்க்க வேண்டுமாயின், பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் வீதியே கிழக்குக்கு வழி. ஓகஸ்டில் அக்கடல் அமைதியாயிருக்கும். டிசம்பரில் மழையும் அலையும் மிகும். அம்மாயியின் நேர்த்தியும் பிள்ளைகளின் கடலும் மோதிக்கொள்ளும் வீட்டில் தலவிலையை எண்ணிப் பார்க்கலாம். அங்கே புனித அன்னம்மாள் ஆலயம் கடற்கரையிலேயே இருக்கிறது. பயணம் நீண்டது, ஆகவே திருவிழா நெரிசலைத் தவிர்த்த நாளில் போவது முதியோருக்கு நல்லது. கையில் பணம் குறைவாயின், ஹப்புத்தளையில் 1931இல் எழுந்து, பின்னர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமான அடிசம் மாளிகை இருக்கிறது. பதுளைக்கு அருகே துன்ஹிந்தவும் இருக்கிறது. அருகிலுள்ள இடம் என்பதால் அது தாழ்ந்த இடமாகிவிடாது. ஆனால் துன்ஹிந்தவுக்கு ஏறி இறங்க நடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவரை அங்கே அழைத்துப்போய், வாயிற்கடையில் தனியே உட்கார்த்திவிட்டு வருவது முறையன்று.

எனவே பெற்றோர்களே, இவ்வாண்டு இடத்தைப் பற்றிப் பேசுமுன், நம் வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் யார் என்று ஒருமுறை பேசிப் பாருங்கள். அவருக்கு எது ஓய்வாகும் என்று அவரிடமே கேளுங்கள். முதலில் "எதுவும் வேண்டாம்" என்பார். இரண்டாம் முறையும் கேளுங்கள். சிலவேளை அவர் விரும்புவது கடலாக இருக்கலாம், தாய்வீடாக இருக்கலாம், காலை ஏழு மணிவரை எழுப்பாமல் விடும் ஒரு நாளாகவும் இருக்கலாம். அதை அறிந்த பின்பு பயணத்தைத் தீர்மானியுங்கள்.